கணீர்

கும்மிடிப்பூண்டி வார்ப்பட ஆலையில் ரயில் பிரேக் கட்டைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து அனுப்புவது அருணாச்சலத்தின் வேலை. கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல்.

மண் அள்ளும் சின்னப்பொண்ணு இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டு, முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, இப்ப பாஸ் பண்ணியே, அது சத்தம் சரியில்லண்ணே."

"இருபது வருசமா தட்டிக்கினு இருக்கேன். எனக்கே சொல்றியா நீ?"

கோபத்தில் சம்மட்டியால் உடைத்துக் காட்டினார். உள்ளே விரிசல்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், இந்த மாசம் போன லோடு எல்லாத்தையும் திருப்பி வரவழைங்க."

மேனேஜர் குனிந்து எழுதியபடியே ஏதோ கேட்டார்.

"நிமிந்து சொல்லுங்க சார்," என்று சுத்தியலை மேஜைமேல் வைத்தார். "உதட்டப் பாத்தாத்தான் புரியும். எனக்குக் காது போய் ஒரு மாசமாச்சு."