சார்ஜ் தின்கிறவர்கள்

“எத்ர பர்சன்ட் இருக்கு?”

பெண் பார்க்க வந்த ஸ்ரீகுமார் ஆர்யாவிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

பத்மநாபசாமியைத் தொழுதுவிட்டு, வெளியே கவுண்டரில் கொடுத்திருந்த போன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரண்டு குடும்பமும் நேராகக் கிழக்கேகோட்டை ஹோட்டலுக்கு வந்திருந்தன. பெரியவர்கள் ஒரு மேசையில். பிள்ளைகள் கொஞ்சம் பேசட்டும் என்று இவர்கள் இருவரும் மூன்று மேசை தள்ளி, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில்.

பில் வருவதற்குள் சம்மதமா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். ஆர்யாவின் அம்மா சிவகாமியம்மாளின் உத்தரவு.

இதுவரை வந்த வரன்களையெல்லாம் ஆர்யா வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டாள். ஒரு கண்காணிப்பிலிருந்து இன்னொரு கண்காணிப்புக்குப் போக எதற்கு இத்தனை நகை என்பதுதான் காரணம். அதை வீட்டில் சொல்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

குனிந்து போனைப் பார்த்தாள். சார்ஜ் முப்பத்தொன்று என்றாள். காலையில் நூறு இருந்தது.

எதிரே ‘ச்சூ’ என்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதுபோல.

ஸ்ரீகுமார் ஆடிட்டர். போன் வாங்கி நாலு வருஷமாகிறதாம், பாட்டரி இன்றைக்கும் புதுசு போலவே இருக்கிறதாம். எண்பதுக்கு மேலே ஏற்ற மாட்டானாம், இருபதுக்குக் கீழே இறங்க விடமாட்டானாம். உறையைக் கழற்றிவிட்டுத்தான் சார்ஜில் போடுவானாம். வெயிலில் பைக்கில் போகும்போது போன் சாப்பாட்டுப் பைக்குள், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் போகுமாம். திரையில் சாமி படம்கூட வைக்கவில்லை. கறுப்பு நிறம்தான் சார்ஜைக் குறைவாகத் தின்னும்.

ஆர்யா இயற்பியல் எம்எஸ்சி. மோர் பாட்டிலைத் தவிர அவன் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. போன தடவை வந்தவர் வெண்டைக்காய் பிடிக்குமா என்று கேட்டார். அதற்கு இது தேவலை.

கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டான். அவள் போனை மேசைமேல் தள்ளினாள்.

சுத்தமாக நகம் வெட்டிய விரல் ஒன்று செட்டிங்ஸுக்குள் இறங்கியது. கீழே கீழே போய் ஓரிடத்தில் நின்றது.

அண்ணன் போட்டுக் கொடுத்த குடும்ப ஆப் அது. ஆர்யா எங்கே இருக்கிறாள் என்பதை ஒரு நீலப் புள்ளி இருபத்துநாலு மணி நேரமும் காட்டிக்கொண்டிருக்கும். அம்மா பார்ப்பாள். பெங்களூரில் அண்ணன் பார்ப்பான். மஸ்கட்டில் கோலப்பன் சித்தப்பா பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டுக் கேட்டதால் நாகர்கோவில் அத்தைக்கும் கொடுத்திருந்தார்கள்.

வேலை முடிந்து வரும்போது பாளையத்தில் இறங்கி ஆரஞ்சு வாங்கினால், கடைக்காரர் சில்லறை கொடுப்பதற்குள் அண்ணன் கூப்பிட்டு பஸ் பிரேக்டவுனா என்று கேட்பான். இன்றைக்குக் கோயிலுக்குள் இருந்த கொஞ்ச நேரம்தான் அம்மா அவளைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தன பேரு சும்மா இருந்து சார்ஜ் திங்காங்க, கேட்டியளா.”

ஆர்யா கேட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

விரல் பட்டியலிலிருந்து அத்தையை எடுத்தது. சித்தப்பாவை எடுத்தது. அண்ணனை எடுத்தது. கணக்கில் வீண் செலவை அடிப்பதுபோல, கோபதாபம் எதுவும் இல்லாமல். கடைசியில் அம்மாவை எடுத்தது.

மூன்று மேசை தள்ளி ஒரு போன் கீச்சென்றது.

சிவகாமியம்மாள் அதைப் பார்த்தாள். நீலப் புள்ளியைக் காணோம். பதறி எழுந்தாள்.

“ஆர்யா, மக்ளே, நீ எங்க இருக்க?”

ஹோட்டலே திரும்பியது. ஆர்யா கையைத் தூக்கிக் காட்டினாள். அம்மா கையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். எதை நம்புவது என்று பிடிபடவில்லை. ஸ்ரீகுமாரின் அம்மா அவளை உட்காரவைத்து வடையை நகர்த்திக் கொடுத்தாள்.

ஆர்யாவுக்குத் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது. சம்மதம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பில் வருகிறதா என்றுகூடப் பார்த்தாள்.

அப்போது அந்த விரல் கூட்டல் குறியை அழுத்தியது. ஒரு நம்பரை அடித்தது. அவனுடைய நம்பர்.

நாளைக்குக் கட்டிக்கொள்ளப்போகிறவனுக்காவது தெரிய வேண்டுமல்லவா என்றான். ஒரே ஒரு ஆள் என்றால் அவ்வளவாகத் தின்னாது என்றான்.

ஆர்யாவின் காபியில் ஆடை படிந்திருந்தது. ஊதி அதை ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு, மேசை விளிம்பைத் தாண்டாத குரலில் கேட்டாள்.

“அதுவும் திங்கும்லா?”

விரல் நின்றது.

வேறு யாராவதாக இருந்தால் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். இந்த விரல் மேலே போனது, கீழே வந்தது, மடங்கியது, நீண்டது. ஒரு பக்கம் வரப்போகிற மனைவி, இன்னொரு பக்கம் பாட்டரி.

தின்னும்தான் என்று கடைசியில் ஒப்புக்கொண்டான். ஒரு ஆள் பார்த்தாலும் நாலு ஆள் பார்த்தாலும் ஜிபிஎஸ் ஓடத்தான் செய்யும் என்றான். தப்புச் செய்து பிடிபட்டவன்போல் குரல் இறங்கியிருந்தது.

பிறகு தன் பெயரைத் தானே எடுத்தான். உறுதிதானா என்று ஆப் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். வெளிச்சத்தையும் குறைத்து, போனை அவள் பக்கம் தள்ளிவைத்தான்.

பெரியவர்கள் மேசைக்குப் பில் வந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். ஆர்யா தலையாட்டினாள். அது சம்மதம்தான் என்று அம்மாவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் இரண்டு குடும்பமும் எழுந்தன. பத்மநாபசாமியின் அருள் என்றார்கள், பையனின் சம்பளம் என்றார்கள்.

அந்தச் சந்தடியில்தான் ஆர்யாவுக்கு ஒன்று உறைத்தது. கோயிலிலிருந்தே அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனிடம் விரல்களைத் தவிர வேறெதையும் கவனிக்கவில்லை.

மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

மோசமில்லை.