காலி செய்தால்தான் கையெழுத்து

வக்கீல் அறையில் வீட்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இதற்குமுன் வீடு வாங்க வந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். இவரும் போனால் வீடு விற்காது.

"வில்லங்கம் ஏதாவது உண்டா?" என்றார் வாங்குபவர்.

"பத்திரம் சுத்தம். குடியிருக்கிறவர்தான்..." என்று இழுத்தார் வீட்டுக்காரர்.

"வாடகை ஒழுங்கா வருதா?"

"எங்கே! கேட்டா, கோர்ட்டுல பார்த்துக்கோங்கறார்."

"ஐயையோ! வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கச் சொல்றீங்களா? சட்டம் என்ன சொல்லுது, வக்கீல் சார்?"

"காலி வீடுதான் வேணும்னு நீங்க கேக்கலாம்."

"அப்போ ஆளைக் காலி பண்ணுங்க. அப்புறம்தான் கையெழுத்து." வாங்குபவர் பேனாவை மூடிவிட்டார்.

வீட்டுக்காரர் எழுந்து வக்கீலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அதைத்தானே சார் இத்தனை வருஷமா உங்ககிட்ட நானும் கெஞ்சிக்கிட்டிருக்கேன்! இன்னிக்காவது என் வீட்டைக் காலி பண்ணுங்க."