கடையில் வாங்கின மாதிரி

கல்லூரிப் பட்டறை மேசையில் ஒரு செம்பு மோதிரமும் ஒரு மண்கோப்பையும் இருந்தன. இரண்டையும் செய்தவள் மாணவி ஜெசிந்தா.

கோப்பையில் அவளுடைய கட்டைவிரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. மோதிரத்திலோ சுத்தியல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாள். மோதிரத்துக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அப்போது அவளுடைய தோழி வந்தாள். மோதிரத்தை விரலில் மாட்டி, "அட, எந்தக் கடையில வாங்கின?" என்றாள். கோப்பையைப் பார்த்ததும், "இது நீ செஞ்சதுதானே?" என்று சிரித்தாள்.

தோழி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனபின், ஜெசிந்தா அதைக் கோப்பையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சுத்தியலை எடுத்தாள்.

"தோழி என்னைப் பாராட்டத்தானே செஞ்சா! இவ ஏன் அடிக்க வர்றா?" என்று பதறியது மோதிரம்.

"அடிக்க வரல. கையெழுத்துப் போட வர்றா," என்றது கோப்பை.