இரண்டாம் எண் பொத்தான்

டெஸ்ட் டிரைவ் முடிந்து அந்த ஸ்போர்ட்ஸ் காரை ஷோரூம் வாசலில் நிறுத்தும்போது, தணிகாசலத்தின் விரல் கதவிலிருந்த இரண்டாம் எண் பொத்தானில் பட்டுவிட்டது. சீட் தானாக முன்னே நகர்ந்து அவர் முழங்கால்களை ஸ்டியரிங்கோடு சேர்த்து நெருக்கியது.

"சாரி சார்," என்று பதறினான் சேல்ஸ்மேன் எபனேசர். "ஓட்டுறவங்க உட்கார்ற அளவை இந்த பட்டன் ஞாபகம் வெச்சுக்கும். போன வாரம் ஒரு மேடம் ஓட்டிப் பார்த்தாங்க. அவங்க அளவு இன்னும் அழியல."

"வாங்கினாங்களா?"

"இல்ல சார். அப்புறம் வரவே இல்ல."

உள்ளே போய் சிவப்பிலேயே ஆறு சிவப்பு காட்டினான். எதுவானாலும் சரி என்றார். சக்கரத்துக்கும், சீட்டின் தையல் நூலுக்கும்கூட அதே பதில்தான். இரண்டாம் பொத்தானை மட்டும் இந்த வண்டியில் இருக்கிற அதே அளவில் வைத்துத் தரச் சொன்னார்.

"வீட்ல மேடமும் அதே உயரமா சார்?"

தணிகாசலம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி வந்த அன்று மாலை, அவர் தனியாகக் குடியிருந்த அடுக்குமாடியின் பார்க்கிங்கில் இறங்கி நின்று இரண்டை அழுத்தினார். சீட் மெல்ல முன்னே போய் நின்றது. அவர் சுற்றிப் போய், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.