இமைமேல் ஐஸ்

காலில் ரத்தக்குழாய் அடைப்பு, மறுநாள் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவுக்கு நோயாளியின் தொங்கிய இமைமேல் சந்தேகம்.

“தசை பலவீனம் ஏதாவது இருக்கா சார்?”

“எனக்கா? மலையைப் புரட்டுவேன்!”

“இமை தொங்குதே?”

“தூக்கமில்லை.”

மனைவி வாயைத் திறந்தாள். அவர் முறைக்க, மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஐஸ் பையை எடுத்ததும் அவர் முகம் வெளுத்தது. இரண்டு நிமிடம் வைத்ததில் இமை மேலேறிவிட்டது.

“குளிர் பட்டு இமை ஏறினா, இது தசை பலவீன நோய்தான் சார். தெரியாம வழக்கமான மருந்தைக் கொடுத்திருந்தா, மூச்சே திரும்பாமப் போயிருக்கும்!”

மனைவி வெடித்தாள்: “மலையைப் புரட்டறவருக்கு சாயங்காலமானா சட்டைப் பொத்தானை நான்தான் கழட்டணும்! அஞ்சு வருஷமா திருட்டுத்தனமா மாத்திரை வேற.”

“ஏன் சார் மறைச்சீங்க?”

“வெளியே தெரிஞ்சா என்கிட்ட எவன்மா ஆபரேஷன் பண்ணிக்குவான்?” என்று கெஞ்சினார், அந்த ஆஸ்பத்திரியின் தலைமை சர்ஜன்.