திருத்தப் பதிவேட்டில் ஐந்தாவது கையெழுத்து

இதில் ஒரு வரி பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். நடந்தது நடந்தபடி இதுதான்.

அந்த மாலை நாளிதழின் ஐந்தாம் பக்கம், காலை பதினொரு மணிக்கு மெய்ப்பு பார்ப்பவரின் மேசைக்கு வந்தது.

பக்கத்தின் மேலே தேதி தவறாக இருந்தது. நாளைய தேதி.

அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுக் கீழே இறங்கினார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தப்ப விட்டதில்லை என்று பேர் வாங்கியவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி.

வலது மூலையில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. நேற்றைய இதழில், ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை காலமானதாக வந்த செய்தி தவறு, அவர் நலமாக இருக்கிறார், வருந்துகிறோம்.

பெயரும் வீட்டு எண்ணும் அவருடைய அக்காவுடையவை.

அக்கா ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அம்மா போனபோது பத்து வயதுப் பையனாக இருந்த அவரைக் கையில் வாங்கியவள். இன்றைக்கு அவர் போட்டிருக்கும் சட்டையும் அவள் தைத்ததுதான். அவள் தைத்த பட்டன் அறுந்ததாகச் சரித்திரம் இல்லை. காலையில் டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்.

மேசையில் போன் அடித்தது. மணி பதினொன்றே கால். மெய்ப்பு கையில் இருக்கும்போது பூதக்கண்ணாடி போன் எடுக்க மாட்டார். அடித்து அடித்து அதுவே ஓய்ந்தது.

நேற்றைய இதழை எடுத்து வரி வரியாகத் தேடினார். அக்கா அதில் சாகவில்லை.

அந்தப் பத்திரிகையில் சாவது சுலபம், திரும்பி வருவதுதான் கஷ்டம். நிறுவனர் காலத்தில், மரக்கடைக்காரர் ஒருவர் காலமானார் என்று போட்டார்கள். அப்பா நன்றாக இருக்கிறார் என்று மகன் போன் செய்தான். பதறிப்போய்த் திருத்தம் போட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, மனுஷன் போனது போனதுதான். ஏதோ பத்திரம் முடிக்க மகனுக்கு இரண்டு நாள் அவகாசம் வேண்டியிருந்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு சட்டம். காலமானதாக அச்சாகிவிட்டவர் நேரில் வந்து, படியேறி, திருத்தப் பதிவேட்டில் தன் கையால் கையெழுத்துப் போட்டால்தான் திருத்தம் வரும். போன் செல்லாது, கடிதம் செல்லாது, சொந்தக்காரர்கள் பேச்சு அறவே செல்லாது. நாற்பது வருடத்தில் நான்கு பேர் போட்டிருந்தார்கள்.

பூதக்கண்ணாடி பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தார்.

ஐந்தாவது கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தின் வாலை இழுத்து, நூலை முடிச்சுப் போட்டாற்போல் ஒரு சுற்று. அக்காவேதான். பக்கத்தில் நாளைய தேதி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தார். நாளை அக்கா வருகிறாள். வருவதென்றால் உயிரோடுதான் வந்தாக வேண்டும். ஆனால் வருவதற்கு ஒரு தவறு வேண்டும். தவறு இன்றைக்கு அச்சாகாவிட்டால், அவளுக்கு அந்தப் படியேற வேலையே இல்லை.

மணி பதினொன்றரை. இன்றைய ஐந்தாம் பக்கத்தை மூடி அச்சுக்கு அனுப்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

இரண்டே வரிதான் எழுதினார். முப்பத்தோரு வருடமாகத் தவறுகளை எடுத்து எடுத்தே பழகிய கை, ஒன்றைப் போடச் சொன்னதும் திருடன் கை மாதிரி வேர்த்தது.

பக்கம் வடிவமைக்கிற பையன்கள் யாரும் அங்கே கிடையாது. பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஒருவர்தான் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"எப்போ சார்?"

"இன்னும் இல்லப்பா. நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவா."

அவர் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு உட்கார்ந்து, காணாமல் போன குடை ஒன்றின் விளம்பரத்தைத் தூக்கிவிட்டு, அந்த இரண்டு வரியை அங்கே வைத்தார்.

மாலை நான்கு மணிக்கு ஊர் முழுக்க அக்கா காலமானாள்.

மறுநாள் அதே பதினொன்றரைக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒற்றைச் செருப்புச் சத்தம். நாற்பத்திரண்டு படியையும் ஏறி, ஆஸ்பத்திரியின் நீல அங்கியோடு அக்கா வந்து நின்றாள். மூச்சுகூட வாங்கவில்லை.

"எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கியேடா, எனக்கு அறுபத்தொம்பதுதானே. கொல்றதுதான் கொல்றே, வயசையாவது சரியாப் போடக் கூடாதா?"

பூதக்கண்ணாடிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தன் நாற்காலியைத் துடைத்து அவளை உட்கார வைத்தார். அந்த அறையில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் தங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர்க்கு அவரவர் அவசரம்.

அக்கா பதிவேட்டைப் பிரித்தாள். ஏற்கெனவே இருந்த கையெழுத்தின்மேலேயே பேனாவை ஓட்டினாள். கோடு ஓர் இழைகூடத் தடிக்கவில்லை.

திருத்தம் அன்று மாலை வெளியானது. அந்தப் பத்திரிகையின் வரலாற்றில் ஒரு நாள் முன்னதாகவே மெய்ப்பு பார்த்து முடித்திருந்த செய்தி அது ஒன்றுதான்.

அக்காவும் தம்பியும் ஒரே ரிக்‌ஷாவில் வீடு திரும்பினார்கள். ரிக்‌ஷாக்காரர் ஒரு ஆளுக்கு உண்டான கூலிதான் கேட்டார், நல்ல மனுஷன். இன்றைக்கும் மதியத்தில் அந்த வீட்டுப் பக்கம் போனால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். அவர் சட்டையில் ஒரு பட்டன் குறைந்து யாரும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியின் இறப்புப் பதிவேட்டில் மட்டும் அக்காவின் பெயருக்கு நேரே, அந்த இரண்டு வரி அச்சான அன்று, காலை மணி பதினொன்று பத்து என்று எழுதியிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் திருத்தத்துக்கு இடம் கிடையாது.