எந்த வலிக்குப் போகும்

"அம்மா, எந்த வலிக்குப் போகணும்னு மாத்திரைக்கு எப்படித் தெரியும்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று மகள் கேட்டாள். ஐந்து வயது அப்போது.

முதுகுவலிக்கு அம்மா கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, ஆறிக் கிடந்த பெருங்குடல் புண்ணைக் கிளறிவிட்டிருந்தது. பதினோரு நாள் ரத்தமாகப் போனது.

இப்போது அம்மாவின் உள்ளங்கையில் மறுபடி ஒரு மாத்திரை.

பாதயாத்திரைப் பந்தல். பழனிக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். வலது முழங்கால் வீங்கி மடங்க மறுத்தது.

நெற்றி நிறைய நீறு பூசிய பெரியவர் அவள் காலைப் பார்த்ததும் தானே எழுந்து வந்தார். அட்டையில் ஒன்றைக் கத்தரித்தார். பிதுக்கிக் கையில் வைத்தார். தண்ணீரும் கொடுத்தார்.

"போட்டுட்டு நடங்க தாயி. முருகன் பாத்துக்குவான்."

அந்த அன்பு பொய்யில்லை. அதனாலேயே மறுக்க முடியவில்லை.

"இதுக்குப் பேரு என்னங்கய்யா?"

"காலையிலருந்து முந்நூறு பேருக்குக் குடுத்துட்டேன். ஒருத்தரும் பேரு கேக்கல. பொண்ணு பாக்கவா வந்தீங்க?"

சிரித்துக்கொண்டே வெற்று அட்டைத் துண்டை நீட்டினார்.

அவள் பையைத் திறந்தாள். தினமும் கடிக்காமல் முழுதாக விழுங்கும் குடல் மாத்திரை. அதைச் சுற்றி ஒரு தாள், நான்காய் மடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு நர்ஸம்மா எழுதிக் கொடுத்தது. பெரிய பெரிய ஆங்கில எழுத்துகள். வேலை நேரம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடிப்பதற்குள் அவருடைய பஸ் போய்விட்டது.

அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை அவள்.

தாளில் மேலே, போடலாம் என்று ஒரு பெயர். கீழே, கூடவே கூடாது என்று நான்கு.

அட்டைத் துண்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள்.

பாராசிட்டமால்.

மேலே இருந்த பெயர். மூச்சு வந்தது. மாத்திரையை நாக்கில் வைத்தாள். தம்ளரை எடுத்தாள்.

பெயருக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி.

அதற்கு முன்னால் இருந்த இன்னொரு பெயரைக் கத்தரி வெட்டியிருந்தது.

துப்பினாள்.

மேசைக்கடியில் குப்பைப் பெட்டி. குனிய முழங்கால் விடவில்லை. தரையில் உட்கார்ந்தே துழாவினாள். எல்லாம் பளபளத்தன. எல்லாம் துண்டுகள்.

வெட்டிய விளிம்போடு ஒன்று பொருந்தியது.

அசிக்ளோஃபெனாக். கூடாத நான்கில் மூன்றாவது.

நாக்கில் கசப்பு இன்னும் இருந்தது.

சொன்னாள். பெரியவர் வெகுநேரம் தன் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். பிறகு வேறொரு அட்டையை எடுத்தார். வெட்டவில்லை. முழுதாகவே கொடுத்தார்.

"நீங்களே படிச்சுப் பாத்துக்குங்க தாயி."

பாராசிட்டமால் மட்டும். கூட்டல் குறி இல்லை. ஒன்றை விழுங்கினாள். ஈரத்துண்டைக் காலில் சுற்றினாள்.

பூசைமணி அடித்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் காவடிப் பக்கம் போனார்கள். பெரியவரும் போனார்.

அன்னதானச் சீட்டு ஒன்றைத் திருப்பி வைத்து எழுதத் தொடங்கினாள். குடல் புண் உள்ளவர்களுக்கு இவை கூடாது. கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெரிய பெரிய எழுத்துகளில், முதல் பெயர்.

அரோகரா சொல்லிக்கொண்டு அவளுடைய குழு புறப்பட்டது. அவள் இரண்டாவது பெயரில் இருந்தாள்.

நான்காவதை முடித்தபோது சாலையில் அவர்கள் தெரியவில்லை.

அன்னதான இலையில் மிச்சமிருந்த சோற்றுப் பருக்கை நாலைந்தை நசுக்கி, பெரியவரின் மாத்திரைப் பெட்டி மூடியில் சீட்டை ஒட்டினாள்.

ஒட்டிக்கொள்ளும்வரை விரலை எடுக்கவில்லை.